ஸெல்டா தொடரின் பழைய பாணியையும் திறந்த உலகத்தையும் ரசித்து ஆடுவது எப்படி?

2017க்குப் பிறகு நிண்டெண்டோவின் ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா’ வீடியோ ஆட்டத் தொடருக்குள் வந்தவர்களில் பலர், விரும்பிய திசையில் போகவிடும் திறந்த உலக ஆட்டமான ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ வழியாகவே வந்திருக்கிறார்கள். அது கொடுத்த ஆர்வத்தில், 1998இல் வெளிவந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ ஆட்டத்தை அடுத்துத் தொடங்குபவர்கள், கண்ணெதிரே தெரியும் மலையில் ஏற முடியவில்லை, போகும் இடமெல்லாம் கதவு பூட்டியிருக்கிறது, எதற்கும் ஒரே வழிதான் இருக்கிறது என்று சலித்துப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பழைய ஆட்டங்களோடு வளர்ந்தவர்களின் குறை இதற்கு நேர்மாறானது. ஆசையாய் எடுத்த வாள் ஒரு சண்டை முடிவதற்குள் உடைந்துபோகிறது, டஞ்சன் எனும் பெரிய புதிர்க் கோட்டைகளைக் காணோம், அடுத்து எங்கே போவதென்று யாரும் சொல்வதில்லை என்பார்கள். இரு தரப்பினரோடும் உட்கார்ந்து ஆடியவன் என்ற முறையில், இவ்விரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன். ஒரு வகை ஆட்டத்தில் பழகிய கண்ணை மாற்றாமல் இன்னொரு வகைக்குள் நுழைகிறோம். அந்தக் கண்ணை மாற்றிக்கொள்ளும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

பழைய பாணி ஆட்டம் பூட்டையும் சாவியையும் அடிப்படையாகக் கொண்டது. ஒரு டஞ்சனுக்குள் நுழைகிறீர்கள். அதன் நடுவில் ஒரு புதிய கருவி கிடைக்கிறது. அந்தக் கருவியால் அதுவரை கடக்க முடியாத அறைகளைக் கடந்து, கடைசியில் பாஸ் எனும் பெரிய எதிரியையும் அதே கருவியால் வீழ்த்துகிறீர்கள். வெளியே வந்தால் உலகத்தின் வேறொரு மூலையும் அதனால் திறக்கிறது. இங்கே ஒவ்வொரு அறையும் ஒருவர் யோசித்து வைத்த புதிர். ஆகவே உங்கள் மனத்தில் ஓட வேண்டிய கேள்வி, “இந்த அறையை அமைத்தவர் நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று நினைத்தார்?” என்பது. திறந்த உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. தீ பரவும், மரம் மிதக்கும், இரும்பு மின்சாரத்தைக் கடத்தும், மழையில் பாறை வழுக்கும் என்பன போன்ற விதிகளை மட்டும் வைத்துவிட்டு, ஆக்கியோர் ஒதுங்கி நிற்கிறார்கள். “என்னிடம் இருப்பதை வைத்து இந்த விதிகளுக்குள் என்ன செய்யலாம்?” என்பதே அங்கே கேட்க வேண்டியது.

இந்தத் தொடரின் வரலாறு பூட்டில் தொடங்கித் திறப்பில் முடிந்த நேர்க்கோடு அன்று. கியோட்டோவுக்கு அருகிலுள்ள சோனோபேயில், சிறுவயதில் காடும் குகையுமாய்த் திரிந்த அனுபவத்தை ஷிகெரு மியாமோட்டோ மனத்தில் வைத்திருந்தார். 1986இல் அவரும் தகாஷி தெசுகாவும் உருவாக்கிய முதல் ஆட்டமே ஏறக்குறைய ஒரு திறந்த உலகம்தான். 1991இல் வந்த ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’ தொடரின் வழக்கமான வரிசையை வகுத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வரிசை மேலும் இறுகியது. 2013 ஜனவரியில் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா, டஞ்சன்களைக் குறிப்பிட்ட வரிசையில் முடிக்க வேண்டும் என்பது உள்ளிட்ட தொடரின் மரபுகளை மறுபடி யோசிக்கப் போவதாக அறிவித்தார். இயக்குநர் ஹிதேமாரோ புஜிபயாஷியின் குழு ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ ஆட்டத்தின் யோசனைகளைச் சோதித்துப் பார்க்க, 1986ஆம் ஆண்டு ஆட்டத்தைப் போன்ற ஓர் இருபரிமாண மாதிரியைத்தான் முதலில் செய்தது. எனவே ஒன்றை விரும்புபவர் மற்றொன்றைத் துரோகமாகப் பார்க்க வேண்டியதில்லை.

எதிலிருந்து தொடங்குவது?

தொடருக்கே புதியவர் என்றால், ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ ஆட்டத்தின் 2019ஆம் ஆண்டு மறுஆக்கத்தைப் பரிந்துரைப்பேன். ஒரே தீவு, எட்டு டஞ்சன்கள், அளவான நீளம். 1993ஆம் ஆண்டு மூலத்தின் அமைப்பு அப்படியே இருக்கிறது. வரைபடத்தில் அடையாளம் குத்தி வைப்பது போன்ற சில வசதிகள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன.

திறந்த உலகத்திலிருந்து பழையதை நோக்கி வருபவருக்கு நடுவில் ஒரு பாலம் தேவை. கருவிகளைக் கடையில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, டஞ்சன்களைப் பெரும்பாலும் விரும்பிய வரிசையில் ஆடவிடும் ‘எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்’ அதற்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அது நிண்டெண்டோவின் பழைய கையடக்க ஆட்டக் கருவியான 3டிஎஸ்ஸுக்கானது. அதன் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. கையில் 3டிஎஸ் இல்லாதவர்கள், இளவரசி ஸெல்டாவே நாயகியாக வரும் 2024இன் ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து பார்க்கும் கோணமும் டஞ்சன்களும் பழைய முறையில் இருக்க, பழைய கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் ஏறிவிடும் சுதந்திரம் புதிய முறையில் இருக்கிறது. அதன் பிறகு ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’, பிறகு ‘ஒக்கரினா’ என்று போனால் அதிர்ச்சி இருக்காது. இவ்விரண்டும் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் உள்ளன. ‘ஒக்கரினா’வுக்கு மட்டும் கூடுதல் கட்டணச் சந்தா வேண்டும்.

பழைய பாணியை ஆடும்போது

அறைக்குள் நுழைந்ததும் எதையும் தொடாமல் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அணைந்திருக்கும் தீப்பந்தம், சுவரில் பதிந்த கண், மற்றவற்றிலிருந்து நிறம் மாறிய ஓடு, எட்டாத இடத்தில் இருக்கும் பெட்டி என எதுவும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதாக இராது. ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’, ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ ஆகியவற்றில் வாள் நுனியால் சுவரைத் தட்டிப் பார்க்கலாம். வெடிகுண்டால் உடையக்கூடிய இடம் வேறு ஓசை எழுப்பும். திறந்த உலகத்தில் வேகமாக ஓடிப் பழகியவர்கள் இந்த ஓசையைக் கேட்காமலேயே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எங்கே போனீர்கள் என்பதைக் காட்டிலும் எங்கே போக முடியவில்லை என்பதை எழுதுங்கள். “கிராமத்துக்கு மேற்கே கனமான பாறை”, “ஏரிக்கு நடுவே தூண்” என்று நான்கு சொல் போதும். கொக்கியை எறிந்து தொலைவிடத்துக்கு இழுத்துச் செல்லும் ஹூக்‌ஷாட்டோ சுத்தியலோ கைக்கு வந்ததும் அந்தப் பட்டியலை எடுத்துப் படித்தால், எந்த வரி இப்போது திறக்கும் என்பது உடனே தெரிந்துவிடும். பழைய ஆட்டங்களின் இன்பத்தில் பாதி இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது; இதை எழுதாமல் ஆடியவர்களே உலகம் சிறியது, மூடியது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கண் எப்படிப் பழக வேண்டும் என்பதற்கு ‘ஒக்கரினா’வின் நீர்க் கோவில் என்ற டஞ்சனைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. அங்கே நீர்மட்டத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் உரிய இடத்தில் நின்று ‘ஸெல்டாவின் தாலாட்டு’ இசையை வாசித்தால் கோவில் முழுவதும் நீர் ஏறும் அல்லது இறங்கும். நடுக் கோபுரத்துக்குள் நின்று நீரை நடு நிலைக்கு உயர்த்தும் கட்டம் ஒன்று வருகிறது. நீர் உயர்ந்ததும் மனம் தானாகவே மேலே போகச் சொல்லும். பெரும்பாலோர் மேலே போய்விடுகிறார்கள். ஆனால் கோபுரத்தின் தரையில் இருந்த ஒரு கட்டை நீரோடு சேர்ந்து மிதந்து எழுந்திருக்கிறது; அது இருந்த இடத்தில் ஒரு துளை திறந்திருக்கிறது. இரும்புக் காலணியை மாட்டிக்கொண்டு அந்தத் துளைக்குள் மூழ்கினால், அடியில் சின்னச் சாவி இருக்கும் பெட்டிக்கு வழி கிடைக்கும். இதைத் தவறவிட்டவர்கள் பிறகு பூட்டிய கதவு ஒன்றின் முன் சாவி இல்லாமல் நின்று, கோவில் முழுவதையும் சலித்தெடுக்க நேரிடுகிறது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் எளியது: அறையில் ஏதாவது மாறினால், நகர்வதற்கு முன் மாறியவை அனைத்தையும் பாருங்கள், காலுக்குக் கீழே உள்ளதையும் சேர்த்து.

2011இன் 3டிஎஸ் பதிப்பு, நீர்மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு வழிகாட்டும் நிறக்கோடுகளைச் சுவரில் வரைந்தது. இரும்புக் காலணியை ஒரே பொத்தானில் மாட்டவும் கழற்றவும் வகைசெய்தது. மூலத்தில் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி, பட்டியலைத் திறந்து மாட்ட வேண்டும். அந்தப் பொத்தான் மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன், ஏனெனில் புதிரின் கடினம் வேறு, கைக்குத் தரும் தொல்லை வேறு. நிறக்கோடுகளை அப்படி வரவேற்க முடியவில்லை.

அரை மணி நேரம் முயன்றும் நகரவில்லை என்றால் குறிப்பு தேடுவதில் தவறில்லை. காணொளியாக இல்லாமல் எழுத்தாக இருக்கும் வழிகாட்டியைத் தேடி, சிக்கிய அறைக்கான ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள்.

திறந்த உலகத்தை ஆடும்போது

‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ தொடங்கும் பெரிய பீடபூமியில் ஷ்ரைன் எனும் சிறு புதிர்க் கூடங்கள் நான்கை முடித்தால்தான் பாராகிளைடர் கிடைத்து வெளியே பறக்க முடியும். அவற்றில் ஒன்று பனிமலைமேல் இருக்கிறது. சாதாரண உடையில் போனால் குளிர் நாயகன் லிங்க்கின் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ முடித்துவிட்டு இந்த ஆட்டத்துக்கு வந்த என் தங்கை மகள், இந்தப் பனிக்கோட்டின் முன் வந்து நின்றாள். “மாமா, குளிர்ச் சட்டை எந்தப் பெட்டியில இருக்கு?” என்று கேட்டாள். பழைய பாணியில் அது மிகச் சரியான கேள்வி. “சட்டையை விடு, குளிர் அடிச்சா நீ என்ன செய்வே?” என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், கீழே இறங்கிப் போய் ஒரு தீப்பந்தத்தைப் பற்றவைத்து, அதைக் கையில் ஏந்தியபடியே மலை ஏறத் தொடங்கினாள். தீப்பந்தத்தின் சூடு குளிரைத் தாங்க வைத்தது. காரமான மிளகாய்களைப் பறித்துப் பானையில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டும் ஏறலாம். அங்குள்ள முதியவர் மறந்துபோன சமையல் குறிப்பைக் கண்டுபிடித்துச் செய்து கொடுத்தால், அவர் கதகதப்பான சட்டையைத் தருவார். மலைக்குப் பூட்டு இல்லை. குளிர் என்ற ஒரு விதிதான் இருக்கிறது.

ஆயுதம் உடைவதைப் பற்றிய மனக்குறை தீர ஒரே வழி, ஆயுதத்தை உடைமையாக எண்ணாமல் அம்பைப்போல் செலவுப் பொருளாக எண்ணுவது. நல்ல வாளைப் பெரிய எதிரிக்காகப் பத்திரப்படுத்தி வைக்கும் வழக்கத்தை இங்கே கைவிட்டுவிடுங்கள். ஆயுதம் உடைந்த கையோடு எதிரியின் ஈட்டியைப் பிடுங்குவதும், மலையுச்சியிலிருந்து பாறையை உருட்டிவிடுவதும், இடி இடிக்கும்போது இரும்பு வாளைக் கழற்றி எதிரிகளின் நடுவே எறிவதும்தான் ஆக்கியோர் விரும்பும் சண்டை.

வரைபடத்தைப் பொறுத்தவரை, அமைப்புகளில் ‘புரோ’ திரைமுறையைத் தேர்ந்தெடுத்து மூலையிலுள்ள சிறு வரைபடத்தை மறைத்துவிடுங்கள். உயரமான இடத்தில் ஏறி, தொலைநோக்கியில் பார்த்து, உங்களை ஈர்த்த மூன்று இடங்களுக்கு மட்டும் குறி இடுங்கள். நிலப்பரப்பு முழுவதையும் சிறிதும் பெரிதுமான முக்கோண வடிவங்களாக அமைத்ததாகவும், மேட்டின் பின்னால் மறைந்திருப்பது நடக்க நடக்கத் தென்படும்படி செய்ததாகவும் இந்த ஆட்டத்தை ஆக்கிய குழுவினர் 2017இல் ஜப்பானில் நடந்த ஆக்குநர் மாநாட்டில் விளக்கினார்கள். சிறு வரைபடத்தின் புள்ளியையே பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு அந்த உழைப்பு முழுவதும் வீணாகிறது. அதேபோல, உலகெங்கும் ஒளித்து வைத்திருக்கும் 900 கொரோக் விதைகளையும் சேர்த்தே தீர வேண்டும் என்று இறங்காதீர்கள். ஆயுதம் வைக்கும் பைகளை முழு அளவுக்கு விரிக்க 441 போதும். இவ்வளவு அதிகமாக வைத்திருப்பது, எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான்.

பழைய பாணியின் அடர்த்திக்காக ஏங்குபவர்கள், தென்கிழக்குக் கடலிலுள்ள ஈவன்டைட் தீவுக்குப் போங்கள். கரையில் கால் வைத்ததும் உங்கள் ஆயுதம், உடை, உணவு எல்லாம் பறிக்கப்பட்டு, மூன்று உருண்டைகளை உரிய இடங்களில் வைத்தால்தான் திரும்பக் கிடைக்கும். சேர்த்த செல்வம் எதுவும் உதவாத அந்தத் தீவில், ஒவ்வொரு மரக்கிளையும் மறுபடி மதிப்புப் பெறுகிறது. 2023இன் ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ ஆட்டத்தில் கெருடோ பாலைவனத்து மின்னல் கோவிலை ஆடிப் பாருங்கள். கண்ணாடிகளால் ஒளியைத் திருப்பி அறை அறையாகப் போகும் அதன் அமைப்பு, பழைய டஞ்சனுக்கு மிக அருகில் வருகிறது. அந்த ஆட்டத்தில் கட்டும் சக்தி மிகப் பெரியது. ராக்கெட்டைப் பொருத்திப் பல புதிர்களைத் தாண்டிவிடலாம். ஒரு முறை தாண்டுவது மகிழ்ச்சி, எல்லா முறையும் தாண்டினால் கோவிலையே பார்க்காமல் வெளியே வந்தவர் ஆகிவிடுவீர்கள். அந்த ஆட்டத்தின் கதைக் காட்சிகளை எந்த வரிசையிலும் காண முடிவதால், முக்கியமான உண்மை முன்கூட்டியே தெரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. திறந்த அமைப்பு தன் கதைக்குச் செய்யும் இந்தச் சேதத்துக்குத் தொடர் இன்னும் முழு மருந்து கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து.

இரண்டு வகையும் ஓரளவு கைவந்த பிறகு 1986இன் முதல் ஆட்டத்தைத் திறந்து பாருங்கள். கட்டம் போட்ட தாளில் குறுக்கே 16, நெடுக்கே 8 என்று 128 கட்டங்களை முதலிலேயே வரைந்துகொள்ளுங்கள். மேலுலகம் அத்தனை திரைகளால் ஆனது. தொடங்கும் திரையில் ஒரு குகை தெரியும். உள்ளே போனால் முதியவர் ஒருவர் வாளைக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மேற்கு, வடக்கு, கிழக்கு என்று பிரியும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்து நடந்து, கண்டதைத் தாளில் அந்தக் கட்டத்தில் குறித்துவிட்டு அடுத்த திரைக்குப் போங்கள்.