எலிக்கு 21 நாள் ஸ்ட்ரெஸ், அப்புறம் ஒய்-மேஸ்: முதல் முறை செய்பவர்களுக்கு

முதல் தடவை அனிமல் ஹவுஸுக்குள் (ஆய்வு விலங்குகளை வளர்க்கும் கூடம்) போகிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடர்ந்து பல நாள் மன அழுத்தத்தில் இருந்த எலி, இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளத் தடுமாறுகிறதா என்பதுதான் கேள்வி. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவனின் ஆய்வகம் 1990களில் பிரபலமாக்கிய முறை இது. தினமும் 6 மணி நேரம் வீதம் 21 நாள் எலியை ஒரு குழாய்க்குள் அசைய முடியாமல் வைத்து, பிறகு அதன் கற்றலைச் சோதிப்பார்கள். இங்கே அந்தச் சோதனை ஒய்-மேஸ்: ஆங்கில Y எழுத்து வடிவில், ‘கை’ என்று சொல்லப்படும் மூன்று பாதைகள் கொண்ட பெட்டி. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஸ்ட்ரெஸ் இல்லாத எலி ஒன்றை உருவாக்குவதுதான் இதில் கடினமான வேலை.

படி 1: அனுமதி

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு எழுத்தில் ஒப்புதல் தராமல் ஒரு கூண்டைக்கூடத் திறக்கக் கூடாது. இந்தியாவில் இதற்கு அடிப்படை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். விண்ணப்பத்தில் ‘ஏன் இத்தனை எலிகள்’ என்ற கேள்விக்கு ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பதில் எழுதுங்கள். எண்ணிக்கை தேவைக்கு மேல் போனால் உயிர்கள் வீணாகும். தேவைக்குக் கீழே போனால் முடிவு எதுவும் தேறாது, அப்போது எல்லா உயிர்களும் வீண்.

படி 2: கையில் எடுத்துப் பழக்குவது

இந்தப் படியை எல்லோரும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எலிகள் வந்து இறங்கியதும் ஒரு வாரம் நிம்மதியாக விடுங்கள். அடுத்த வாரம் தினமும் ஒவ்வொன்றையும் சில நிமிடம் கையில் எடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். உடம்புக்கடியில் கையைக் கொடுத்து ஏந்துங்கள். முதல் நாள் உங்கள் கையிலேயே சிறுநீர் கழிக்கும், புழுக்கை போடும். ஐந்தாம் ஆறாம் நாளில் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்து மோப்பம் பிடிக்கும். அது வரும்வரை சோதனையைத் தொடங்க வேண்டாம்.

யார் எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆண்களின் வாசனையே எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் ஸ்ட்ரெஸ் தருகிறது என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2014இல் காட்டினார்கள். பாதி நாள் ஒருவர், மீதி நாள் இன்னொருவர் என்று ஆளை மாற்றாதீர்கள்.

படி 3: இரண்டு குழு

சீட்டுக் குலுக்கி எலிகளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: குழாயில் வைக்கும் ஸ்ட்ரெஸ் குழு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குழாயில் வைக்காத கன்ட்ரோல் குழு. கூண்டில் முதலில் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் சாதுவான எலி. அவையெல்லாம் ஒரே குழுவில் சேர்ந்தால் கணக்கு அங்கேயே சாய்ந்துவிடும். ஸ்ட்ரெஸ் குழுவின் கூண்டுகளைத் தனி அறையில் வையுங்கள். பயந்த எலியின் வாசனையும் கீச்சொலியும் பக்கத்து எலியைத் தொற்றும்.

என் முதல் சோதனையில் நான் இழந்தது இங்கேதான். கன்ட்ரோல் குழுவை, கூண்டு கழுவும் தொட்டிக்கு அடுத்த அறையில் வைத்துவிட்டேன். தினமும் காலையில் இரும்பு மூடிகள் தொட்டியில் விழும் சத்தம். மூன்றாவது வாரம் எடை பார்த்தால் கன்ட்ரோல் எலிகளும் சரியாக ஏறவில்லை. கடைசியில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே வரவில்லை. இருபது உயிர்கள் போனது என் கவனக்குறைவால்தான். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

படி 4: 21 நாள்

துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் அல்லது கம்பி வலை போதும். எலி திரும்ப முடியக் கூடாது, ஆனால் மூச்சு தடையில்லாமல் போக வேண்டும், உடம்பு நசுங்கக் கூடாது. எலி வளரும், ஆகவே வாரம் ஒருமுறை குழாயின் அளவைப் பாருங்கள். குழாய்க்குள் 6 மணி நேரம் தீனியும் தண்ணீரும் கிடையாது. அதே நேரத்துக்குக் கன்ட்ரோல் கூண்டிலும் அவற்றை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பசியையா ஸ்ட்ரெஸையா என்று தெரியாது.

தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. அதன் ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்டிகோஸ்டிரோன் சாயங்காலம், விளக்கு அணையும் வேளையில் தானாகவே உயரும்.

முதல் நாட்களில் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகக் கசியலாம். ரத்தம் என்று பதறிவிடுவீர்கள். அது கண்சுரப்பியின் நிறமி, ஸ்ட்ரெஸின் அடையாளம். இரண்டாவது வாரத்தில் சில எலிகள் தானாகவே குழாய்க்குள் நடந்து போகும். ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் ஹார்மோன் ஏற்றமும் குறையும். அதனால் ஸ்ட்ரெஸ் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எடையைப் பாருங்கள்; ஸ்ட்ரெஸ் எலி கன்ட்ரோலைவிட மெதுவாகத்தான் ஏறும்.

படி 5: ஒய்-மேஸ்

கடைசி முறை குழாயில் வைத்த அன்றே சோதிக்கக் கூடாது. அன்று தெரிவது அந்த நாளின் பயம். மறுநாள் சோதியுங்கள்.

நீர்த்தொட்டிச் சோதனையில் நீந்துவதே ஒரு ஸ்ட்ரெஸ். தீனியைத் தேடும் சோதனைக்கு எலியைப் பட்டினி போட வேண்டும். ஒய்-மேஸில் இரண்டு தொல்லையும் இல்லை, புது இடத்தைப் பார்க்கும் எலியின் ஆசையே போதும். ஆரம்பிப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

ஒய்-மேஸின் ஒரு கையை அடைத்துவிட்டு, மற்ற இரண்டிலும் எலியை 15 நிமிடம் உலவ விடுங்கள். 4 மணி நேரம் கழித்து மூன்றையும் திறந்து 5 நிமிடம் கவனியுங்கள். கன்ட்ரோல் எலி அடைத்திருந்த புதுக் கைக்குள் அதிகம் போகும். பழைய இடத்தை மறந்த எலிக்கு மூன்றும் ஒன்றுதான். அறைச் சுவரில் பெரிய படங்கள் இருக்கட்டும். எலி அவற்றை வைத்துத்தான் திசை பிடிக்கும். ஒவ்வோர் எலிக்குப் பிறகும் வாசனை தங்காமல் துடையுங்கள். வீடியோவில் கணக்கெடுப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

மொத்தம் எத்தனை முறை உள்ளே போனது என்பதையும் எண்ணுங்கள். அது இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் ‘நினைவு குறைந்தது’ என்று சொல்லலாம். இல்லையென்றால் அது நடக்கவே மனமில்லாத எலி.

படி 6: முடிவைப் படிப்பது

ஸ்ட்ரெஸ் எலி புதுக் கையைத் தேடவில்லை என்றால், இடத்தை நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸை நினைத்துக்கொள்ளுங்கள். 21 நாள் அடைப்புக்குப் பிறகு அங்குள்ள சிஏ3 என்ற பகுதியின் நரம்பணுக்களின் கிளைகள் குட்டையாகின்றன என்று மெக்யூவன் குழு 1992இல் காட்டியது. ஆனால் ‘ஸ்ட்ரெஸ் மூளையைச் சுருக்கும்’ என்று எழுதிவிடாதீர்கள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002இல் கண்டது நேர்மாறானது: தினம் 2 மணி நேரம் வீதம் 10 நாள் அடைத்தபோது, ஹிப்போகாம்பஸின் கிளைகள் குறைந்தன, பயத்தைக் கையாளும் அமிக்டலாவின் கிளைகள் வளர்ந்தன. ஆகவே இடத்தைக் கற்பதில் பின்தங்கும் எலி, பயத்தைக் கற்பதில் முந்திவிடலாம். எந்தக் கற்றலைச் சோதித்தீர்கள் என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். ஆண் எலியா பெண் எலியா என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஆண் எலியின் இடநினைவைக் கெடுக்கும் அதே 21 நாள் பெண் எலியைக் கெடுப்பதில்லை என்று பல முறை பார்த்திருக்கிறார்கள்.

படி 7: மூன்றாவது குழு

அனுமதி கிடைத்தால், ஸ்ட்ரெஸ் முடிந்து 21 நாள் ஓய்வில் இருக்கும் ஒரு குழுவையும் சேருங்கள். பெங்களூரு குழுவின் பிந்தைய ஆய்வில் இந்த இடைவெளியில் ஹிப்போகாம்பஸ் மீண்டது; அமிக்டலா மீளவில்லை. ஓய்வு என்றால் கூண்டை மூலையில் வைத்து மறந்துவிடுவதல்ல. அந்த 21 நாளும் எடை பாருங்கள், அதே ஆள், அதே நேரத்தில், அதே மாதிரி கையில் ஏந்துங்கள். கன்ட்ரோல் குழுவுக்கும் அப்படியே.