பிவா ஏரியைச் சைக்கிளில் சுற்றப் போகிறீர்களா?

ஜப்பானின் மிகப்பெரிய ஏரியான பிவாவை முழுதாகச் சுற்ற ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பிவாகோ பெரும்பாலத்தில் குறுக்கே கடந்து, தெற்கு மூலையை விட்டுவிட்டால் 150 சொச்சம்தான். முதல்முறை போகிறவர்களுக்கு இதுவே போதும். தெற்கே நகர நெரிசல் அதிகம்.

திசைதான் முக்கியம். கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிராக, இடஞ்சுழியாகப் போங்கள். அங்கேயும் நம் ஊர் போல இடப்பக்கப் போக்குவரத்து என்பதால், ஏரி எப்போதும் உங்கள் இடது கைப்பக்கமே இருக்கும். சாலையோரத்தில் வரைந்திருக்கும் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தப்பாது.

புல்லட் ரயில் நிற்கும் மைபாராவில் தொடங்குவது வசதி. நிலையத்திலேயே வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது, முன்பதிவு செய்துவிடுங்கள். முதல் நாள் இரவு மேற்குக் கரையில் உள்ள இமாசுவில் தங்கலாம். வழியில், கிழக்குக் கரை நகரமான நாகஹாமாவைத் தாண்டியதும் கடைகள் குறைந்துவிடும். அதனால் தண்ணீரும் தின்பண்டமும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். வடமுனையில் கொஞ்சம் ஏற்றம் உண்டு, மற்றபடி பெரும்பாலும் சமதளம்.

மேற்குக் கரையில் ஷிராஹிகே கோயிலின் சிவப்புத் தோரணவாயில் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். அழகுதான், ஆனால் கோயிலுக்கும் ஏரிக்கும் நடுவே 161ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது, வண்டிகள் வேகமாக வரும். படம் எடுக்கும் ஆசையில் தயவுசெய்து சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்காதீர்கள்.

வடகரையில் இருக்கும் கைசு ஓசாகியில் செர்ரி பூக்கும் ஏப்ரலில் கூட்டம் அள்ளும், விடியற்காலையிலேயே கடந்துவிடுங்கள். குளிர்காலத்தில் வடக்கே பனி கொட்டும், வேண்டாம். அப்புறம், சொந்தச் சைக்கிள் என்றால் கழற்றி உறைக்குள் போட்டால்தான் ரயிலில் ஏற்ற முடியும்.