போர்ட்டோவின் கண்ணாடி மாளிகைத் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில், டூரோ ஆற்றை மேலிருந்து பார்க்கும் கண்ணாடி மாளிகைத் தோட்டத்துக்குச் செல்பவர்கள் செய்யும் முதல் தவறு, அங்கே மாளிகையைத் தேடுவது. 1865ஆம் ஆண்டு சர்வதேசக் கண்காட்சிக்காக, லண்டன் கண்ணாடி மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டு கருங்கல், இரும்பு, கண்ணாடி ஆகியவற்றால் எழுப்பப்பட்ட அக்கட்டடம் 1951இல் இடிக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டுமே தோட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்று அவ்விடத்தில் இருப்பது குவிமாடம் கொண்ட ஓர் அரங்கம். அதைப் பார்த்ததும் மனம் சலித்துத் திரும்பிவிடுபவர்கள், ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் எமில் டேவிட் வகுத்தமைத்த தோட்டத்தைப் பாராமலேயே போய்விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டாவது தவறு இதோடு தொடர்புடையது: வாயிலருகிலேயே நின்று ஆற்றைத் தேடுவது. முதன்மை வாயில் வடக்கே இருக்கிறது, ஆறோ தெற்கே ஓடுகிறது. வாயிலருகே நின்றால் ஆறு கண்ணில் படாது. அரங்கத்தைக் கடந்து, லிண்டன் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை வழியே தென்கோடி மேடைகள் வரை நடந்தால்தான், ஆறும் எதிர்க்கரையிலுள்ள கையா நகரின் ஓட்டுக் கூரைகளும், மேற்கே 270 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்டும் அர்ராபிதா பாலமும் புலப்படும். 1963இல் திறக்கப்பட்டபோது உலகின் மிக நீண்ட கான்கிரீட் வளைவு அதுதான்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் தவறுகிறார்கள். நடுப்பகலில் ஆற்றை நோக்கி நிற்பவருக்கு வெயில் நேர் எதிரே இருப்பதால், தண்ணீர் வெறும் கண்கூசும் ஒளியாகவும் எதிர்க்கரை மங்கலாகவும் தெரியும். அட்லாண்டிக் பெருங்கடல் அருகிலிருப்பதால் காலையில் சில நாட்கள் மூடுபனி ஆற்றையே மறைத்துவிடும். மாலைதான் உகந்தது, ஆனால் குளிர்காலத்தில் தோட்டம் முன்னதாகவே மூடப்படுவதால், அன்றைய மூடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

பூக்களைக் காணக் கோடைதான் ஏற்ற காலம் என்று எண்ணுவதும் பிழையே. போர்ட்டோவின் பெருமை கமேலியா; அது குளிர்காலத்தின் பிற்பகுதியில் பூத்துக் குலுங்குவது, நம் தேயிலைச் செடிக்கு நெருங்கிய உறவு. அதன் பூ பெரும்பாலும் இதழ் இதழாக உதிராமல், முழுதாகவே கழன்று விழும். மழை விட்ட காலையில், ஈரத் தரையில் மலர்ந்த முகத்தோடு கிடக்கும் சிவப்புப் பூக்களைக் குனிந்து பார்த்தால், ஓரங்களில் பழுப்பேறத் தொடங்கியிருந்தாலும் நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தம் கலையாமல் இருப்பது தெரியும்.

தோட்டத்தில் மயில்கள் தடையின்றி உலவுகின்றன. அவற்றுக்கு ரொட்டி போடுவதும், படத்துக்காகத் துரத்துவதும் கூடாது.

ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தான சந்துகளில் ஏறி வந்து, மூச்சிரைத்துப் பாதித் தோட்டத்தோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. மேலே வாயில் வழியாக நுழைந்து, பார்த்து முடித்தபின் மேற்குப் புறம் இறங்குவதே நல்லது. அரியணை துறந்து வந்த, இத்தாலியப் பகுதியான சார்டீனிய அரசின் மன்னர் கார்லோ ஆல்பெர்ட்டோ 1849இல் உயிர்நீத்த பழைய வீடு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் பாதையின் கருங்கற்கள் பலர் நடந்து தேய்ந்தவை, மழையில் வழுக்குபவை. ஆகவே பிடிமானமுள்ள காலணி அணிந்து, கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு இறங்குங்கள்.