ஐஸ் ஹாக்கி நட்சத்திரங்களின் உச்சத்தை ஒப்பிடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

என்.எச்.எல். (வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்) புள்ளிவிவரங்களை எக்செல்லில் போட்டு யாருடைய உச்சம் பெரியது என்று பார்க்கத் தொடங்குபவர்கள், பெரும்பாலும் ஆரம்பத்தில் நான் செய்த அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். வேய்ன் கிரெட்ஸ்கி 1981-82 சீசனில் எடுத்த 212 பாயின்ட்டையும் (கோலும், கோலுக்கு வழிவகுத்த பாஸான அசிஸ்டும் சேர்ந்த எண்ணிக்கை) கானர் மெக்டேவிட் 2022-23இல் எடுத்த 153ஐயும் அப்படியே எடுத்து ஒப்பிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைப் பார்க்கலாம்.

சராசரியை வைத்துச் சரிக்கட்டினால் போதும் என்று நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். கணக்கு இப்படிப் போகும்: 1981-82இல் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகளும் சேர்ந்து சராசரியாக 8 கோல், 2022-23இல் 6.4க்குப் பக்கத்தில். ஆகவே 212ஐ 0.8ஆல் பெருக்கு, 170 வந்துவிட்டது, கிரெட்ஸ்கி மெக்டேவிட்டைவிட வெறும் 17 பாயின்ட்தான் மேல், விவாதம் முடிந்தது! நண்பர் ஒருவர் இப்படியே பல தலைமுறை வீரர்களுக்குத் தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டு ஒரு பெரிய அட்டவணை கொண்டுவந்து காட்டினார். அவ்வளவு உழைப்பும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நின்றது: லீக்கில் கோல்கள் 10 சதவீதம் கூடினால் நட்சத்திர வீரருக்கும் அதே 10 சதவீதம் கூடும்.

அப்படிக் கூடுவதில்லை. 1981-82இல் 100 பாயின்ட்டைத் தொட்டவர்கள் 13 பேர். 1992-93இல் கோல் சராசரி 7.25 அளவுக்கு இறங்கிவிட்டது, ஆனால் 100ஐத் தொட்டவர்களோ 21 பேர். அந்த சீசனில் 80க்குப் பதில் 84 ஆட்டங்கள், அணிகளும் 21இலிருந்து 24 ஆகியிருந்தன என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை. அந்த ஆண்டு பவர் பிளே (எதிரணி வீரர் தண்டனையாக வெளியே உட்கார, அந்த அணி ஆள் குறைவாக ஆடும் நேரம்) வாய்ப்புகள் ஏராளம். பவர் பிளேயில் பனியில் இறங்குவது அணியின் முதல்தர வீரர்கள். அணியில் குறைவாகவே இறக்கப்படும் நான்காவது லைன் ஆட்டக்காரர் அந்த நேரமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். லீக் மொத்தமாகக் குறைவாக அடித்தாலும், அடித்ததில் பெரிய பங்கு உச்சியில் இருப்பவர்களுக்கே போய்விடுகிறது. எல்லா ஆட்டக்காரர்களையும் போட்டுக் கலக்கிய சராசரியில் இது தெரியவே தெரியாது. அதனால் நட்சத்திரத்தை அவருடைய காலத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அந்த சீசனின் முதல் இருபது பேரை எடுத்து, அவர்களின் சராசரிக்கு மேலே இவர் எவ்வளவு தூரம் நிற்கிறார் என்று பாருங்கள்.

இரண்டாம் இடத்தோடு மட்டும் ஒப்பிடுவது

1981-82இல் இரண்டாவது வந்த மைக் பாசி 147. கிரெட்ஸ்கிக்கும் அவருக்கும் இடைவெளி 65, பிரமாதம். ஆனால் 1984-85இல் கிரெட்ஸ்கிக்கு அடுத்து வந்த யாரி குர்ரி, 1995-96இல் மரியோ லெமியூவுக்கு அடுத்து வந்த யாரோமிர் யாகர், 2022-23இல் மெக்டேவிட்டுக்கு அடுத்து வந்த லியோன் டிரைசைட்டில், மூன்று பேருமே முதலிடக்காரரின் சொந்த அணிக்காரர்கள். முதலிடக்காரர் எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ அவ்வளவு இரண்டாமவரும் மேலே ஏறுவார், இடைவெளி சுருங்கும். முதல் இருபது பேரை எடுக்கும்போதும் சக அணிக்காரர்களைக் கழித்துவிட்டு எடுங்கள்.

பாதி சீசனை முழுசாக்குவது

2010-11இல் சிட்னி கிராஸ்பி 41 ஆட்டங்களில் 66 பாயின்ட் எடுத்த பிறகு, தலையில் பட்ட அடியால் மீதி சீசனை இழந்தார். அதை இரண்டால் பெருக்கி 132 என்று எழுதாதீர்கள். அவர் ஆடாத ஆட்டங்களில் சோர்வும் கிடையாது, ஃபார்ம் சரிவும் கிடையாது.

லெமியூவின் 1992-93 வேறு கதை. ஹாட்ஜ்கின் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டு, 60 ஆட்டங்கள் மட்டுமே ஆடி 160 பாயின்ட். 84 ஆட்டங்களும் ஆடிய பாட் லாஃபோன்டைன் 148. இதை எதாலும் பெருக்கத் தேவையே இல்லை, உள்ளபடியே அதிக பாயின்ட்டுக்கான பட்டம் லெமியூவுக்குத்தான்.

பிளேஆஃப் எண்களைச் சேர்ப்பது

வேண்டாம். பிளேஆஃப் என்பது வழக்கமான சீசன் முடிந்த பிறகு நடக்கும் நாக்அவுட் தொடர். அதற்குத் தனி அட்டவணை போடுங்கள்.

கோலை மட்டும் எண்ணுவது

கிரெட்ஸ்கி 1981-82இல் 92 கோல், 1985-86இல் 52 கோல். கோலை மட்டும் பார்த்தால் சரிவு மாதிரி இருக்கும். அந்த 1985-86இல் அவருக்கு 163 அசிஸ்ட், மொத்தம் 215. இரண்டாவது வந்த லெமியூ கோலும் அசிஸ்டும் சேர்த்தே 141தான்.