மேடையில் கால் நடுங்குகிறதா? முதல் ஒரு நிமிடத்தைக் கடந்துவிடுங்கள்

தரம் பத்தில் படிக்கும்போது வாணி விழாவில் பேச ஏறினேன். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்றதோடு சரி. அடுத்தது அதிபரா, பிரதம விருந்தினரா என்று குழம்பி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மைக்கையே பார்த்தபடி நின்றுவிட்டு இறங்கிவிட்டேன். அவல், கடலைகூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறியாகிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, எச்சில் வற்றுகிறது, கை நடுங்குகிறது. தெருநாய் துரத்தினாலும் இதேதான் நடக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது தொடக்கத்தில்தான் உச்சம், பேசப் பேச இறங்கிவிடும். ஆகவே அந்த முதல் நிமிடத்துக்குத் தயாராகுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதல் வேலை, முழுப் பேச்சையும் பாடமாக்காமல் இருப்பது. பாடமாக்கியதில் ஒரு சொல் தவறினால் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு நான்கு கருத்து போதும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டும் நடக்கக்கூடிய ஒரு பாதையில் வைத்துவிடுங்கள். எனக்கு அது திருகோணமலையில் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழி. டெங்கு பற்றிப் பேசவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரெட்ரிக் கோட்டை வாசலில் மழைத்தண்ணீர் நிறைந்த பழைய டயர் ஒன்று வழியை மறிக்கிறது (நுளம்பு எங்கே பெருகுகிறது). உள்ளே மரத்தடி மான் ஒன்று காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது (நோயின் அறிகுறிகள்). மேலே கடைகளில் அர்ச்சனைத் தட்டுக்குப் பதிலாக நுளம்பு வலை விற்கிறார்கள் (வீட்டில் என்ன செய்யலாம்). இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவின் விளிம்பில் ஊரே மண்வெட்டியோடு சிரமதானத்துக்கு நிற்கிறது (எல்லோரும் சேர்ந்து என்ன செய்யலாம்). படம் எவ்வளவு கோமாளித்தனமோ அவ்வளவுக்கு மறக்காது. பழைய கிரேக்க, ரோமப் பேச்சாளர்கள் தங்களுக்குத் தெரிந்த கட்டடங்களின் அறைகளில் இப்படித்தான் கருத்துகளை வைத்து நினைவில் கொண்டார்கள்.

பாடமாக்க வேண்டியது தொடக்கத்தில் மூன்று வசனம், முடிவில் ஒரு வசனம், அவ்வளவுதான்.

அடுத்தது விளிப்பு. நம் ஊர் விழாக்களில் தலைவர், அதிபர், விருந்தினர், ஆசிரியர், பெற்றோர் என்று இந்த வரிசை நீண்டுகொண்டே போகும், புதிதாகப் பேசுகிறவர்கள் பலர் விழுவதும் இங்கேதான். இதை யாரும் மனதில் வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பார்த்தே வாசியுங்கள், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு "அவர்களே"க்குப் பிறகும் ஒரு மூச்சு விடுங்கள். ஐந்து பேரை விளித்து முடிப்பதற்குள் உங்கள் குரல் உங்களுக்கே பழகிவிடும், நெஞ்சும் கொஞ்சம் அடங்கும். என்னைக் கவிழ்த்த அதே வரிசைதான் இப்போது எனக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

விளிப்பு முடிந்ததும் "டெங்கு ஓர் ஆபத்தான நோய்" என்று தொடங்காதீர்கள், சபை அங்கேயே போனை எடுத்துவிடும். "எங்கள் கிணற்றடியில் ஒரு சிரட்டை கிடந்தது. அதற்குள் புழு நெளிந்தது" என்று தொடங்கிப் பாருங்கள்.

அப்புறம் பயிற்சி. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சியில் சேராது, வாய் திறக்கவேண்டும். ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு மாலையில் டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போங்கள், அவரை இருபது அடி தள்ளி நிற்கவைத்துப் பேசுங்கள். ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் அவர் திருப்பிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நாம் விழுங்குவது பெரும்பாலும் அதைத்தான். வாடைக் காலத்தில் கடல் இரைகிற நாளென்றால் இன்னும் நல்லது. கிரேக்கத்து டெமோஸ்தனிஸும் அலைச் சத்தத்துக்கு எதிராகத்தான் பேசிப் பழகினாராம். நண்பர் கிடைக்கவில்லையா, கோட்டை மான்கள் இருக்கின்றன. அசைபோட்டுக்கொண்டே முகத்தைப் பார்க்கும், தலையாட்டாது. சபையிலும் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள், அதற்காகப் பேச்சு பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. போனில் பதிவுசெய்து நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசும் நாளில் பெயர் அழைக்கப்படும் முன், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்து தடவை. ஒரு மிடறு தண்ணீர். மைக்கை ஊதவோ தட்டவோ வேண்டாம், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள்.

நடுக்கம் எல்லோருக்கும் தெரிகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் நினைத்த அளவுக்குப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் தெரியவில்லை. இந்த விஷயம் முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். உங்களுக்கும் இப்போது சொல்லியாகிவிட்டது.

இடையில் மறந்துபோனால் "மன்னிக்கவும்" என்று தொடங்காமல் பேசாமல் நில்லுங்கள். உங்களுக்கு ஒரு யுகமாகத் தெரிகிற அந்த இடைவெளி சபைக்கு இரண்டு விநாடிதான். மனதுக்குள் பாதையைப் பாருங்கள்: மானைத் தாண்டிவிட்டோம், அடுத்தது கடை.

கடைசி வசனத்தைச் சொல்லி, நின்று, நன்றி கூறி இறங்குங்கள். அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் மேசையில் விட்டுவிட்டு வர, அடுத்துப் பேச வந்தவர் பதற்றத்தில் என் விளிப்பையே முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.