சி.சி.என்.ஏ: எல்லையோரப் பிள்ளைகள் காசை விடும் இடங்கள்

கேரள-தமிழ்நாடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கம் டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ முடித்துவிட்டு கோயமுத்தூரில் வேலை தேடுகிற பிள்ளைகளிடம் சி.சி.என்.ஏ பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனி நடத்தும் தேர்வு, எண் 200-301. பாஸானால் நெட்வொர்க் வேலைக்கான சான்றிதழ். நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் காசில் 25,000 ரூபாயைத் தாண்டிவிடும். தோற்றால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். பணமும் மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும்.

"அண்ணா, லேட்டஸ்ட் டம்ப் இருக்கா?" என்றுதான் பலர் ஆரம்பிக்கிறார்கள். டம்ப் என்றால் கசிந்த திருட்டுக் கேள்வித்தாள். அதை மனப்பாடம் செய்வது சிஸ்கோ விதிப்படி குற்றம். மதிப்பெண் ரத்தாகலாம், இனி எழுதவே விடாமல் தடையும் வரலாம். அது போக, அந்த டம்ப்களில் தப்பான விடைகளும் கலந்துதான் கிடக்கும். தப்பித்தவறி பாஸானாலும் இன்டர்வியூவில், "ஒரு பி.சி.க்கு 169.254 என்று ஆரம்பிக்கும் ஐபி வந்திருக்கு, என்ன பார்ப்பே?" என்று கேட்டால் போச்சு. கணினிக்கு ஐபி என்னும் எண் முகவரியைத் தானாகக் கொடுக்கும் டி.ஹெச்.சி.பி. சர்வரிலிருந்து பதில் வரவில்லை, அங்கிருந்து தேடு என்று சொல்லத் தெரியாதவனுக்குச் சான்றிதழ் எதற்கு?

அடுத்தது சப்நெட், அதாவது பெரிய நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கு. புரியாமல் தோற்பவர்கள் குறைவு, மெதுவாகப் போட்டு நேரத்தை விடுபவர்கள்தான் அதிகம். வீட்டில் ஆன்லைன் கால்குலேட்டரில் போட்டுப் பழகியிருப்பார்கள். தேர்வறையில் அது கிடையாது. 172.16.45.14/20 எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? பைனரியை முழுசாக எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். /20 என்றால் முகவரியின் முதல் 20 பிட் நெட்வொர்க்குக்கு, அதைக் காட்டும் மாஸ்க் 255.255.240.0. 256-இல் 240 போனால் 16. மூன்றாம் எண் 0, 16, 32, 48 என்று தாவும். 45 விழுவது 32-க்கும் 47-க்கும் நடுவில். ஆக நெட்வொர்க் 172.16.32.0, எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 172.16.47.255, ஹோஸ்ட்டுக்கு, அதாவது கருவிகளுக்கு, 4,094 முகவரி. தினமும் பத்துக் கணக்கு, வெறும் பேனா பேப்பரில். அரை நிமிடத்துக்குள் விடை வரும்வரை தேதி போடாதீர்கள் என்பேன்.

பாக்கெட்டை எந்த வழியில் அனுப்புவது என்னும் ரவுட்டிங்கில், நன்றாகப் படித்தவர்களே விழும் ஒரு குழி உண்டு. கனெக்டட் (நேரடி இணைப்பு) 0, ஸ்டாட்டிக் (கையால் போட்ட வழி) 1, ஓ.எஸ்.பி.எஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக் கற்ற வழி) 110 என்று அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸை ஒப்பிப்பார்கள். வழியை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண் அது, சிறியதே மேல். ரவுட்டிங் டேபிளில் 10.1.0.0/16 ஸ்டாட்டிக்காகவும் 10.1.1.0/24 ஓ.எஸ்.பி.எஃப் வழியாகவும் இருக்கிறது, 10.1.1.5-க்குப் போகும் பாக்கெட் எந்த வழி? எண் சிறியது என்று ஸ்டாட்டிக்கைத் தொட்டால் தப்பு. ரவுட்டர் முதலில் பார்ப்பது எந்தப் பிரிஃபிக்ஸ் (முகவரியில் நெட்வொர்க்கைக் குறிக்கும் பகுதி) நீளமானது என்பதை; இங்கே /24. "பாலக்காடு" என்றொரு பலகையும் "கொழிஞ்சாம்பாறை" என்றொரு பலகையும் இருந்தால் கொழிஞ்சாம்பாறைக்காரன் எதைப் பார்த்துத் திரும்புவான்? அதேதான். டிஸ்டன்ஸ் பேச்சு, ஒரே பிரிஃபிக்ஸுக்கு இரண்டு வழி வரும்போது மட்டும். 25 சதவீதம் எடையுள்ள ஐபி கனெக்டிவிட்டி பகுதியில் இது குழம்பினால் அடி பலமாகவே இருக்கும்.

வீடியோ மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தேர்வில் வரும், கமாண்ட் போட்டுச் செய்துகாட்ட வேண்டிய லேப் கேள்வி கண்ணைக் கட்டும். நெட்வொர்க்கைக் கணினியிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம்தான், சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் கிடைக்கும். அதில் கட்டுவதைவிட உடைத்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி. வீலேன் (ஸ்விட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) 10 ஓடிக்கொண்டிருக்கும் டிரங்க்கில் (பல வீலேன்களைச் சுமக்கும் இணைப்பில்), அலவ்ட் வீலேன் கமாண்டில் 'ஆட்' போடாமல் 20 என்று கொடுத்துப் பாருங்கள். பழைய பட்டியல் அழிந்து 20 மட்டும் மிஞ்சும். 10-இல் இருப்பவர்கள் அலறுவார்கள். ரவுட்டர் இன்டர்ஃபேஸுக்கு ஐபி கொடுத்துவிட்டு அதை இயக்கிவிடும் 'நோ ஷட்டவுன்' கமாண்டை மறப்பதும் இதே ஜாதிதான். லேப் கேள்வியில் சேவ் பண்ணச் சொல்லியிருந்தால் பண்ணிவிட்டு நகருங்கள்.

பழைய புத்தகம் ஓசியில் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். இந்தத் தேர்வு வந்தது 2020 பிப்ரவரியில். 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் 1.1 ஆனது. இப்போது பாடத்தில் இல்லாத பழைய ஃப்ரேம் ரிலே இணைப்பு முறையைப் படித்துக்கொண்டிருந்தால், கோட் எழுதி நெட்வொர்க்கை அமைக்கும் டெராஃபார்ம் என்ன என்று தெரியாமல் போகும்.

நம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் தமிழிலோ மலையாளத்திலோ வீடியோ பார்த்துப் புரிந்துகொள்வதில் தப்பே இல்லை. ஆனால் கேள்வி வருவது ஆங்கிலத்தில். "இரண்டைத் தேர்ந்தெடு", "எது பொருந்தாது" மாதிரி வரிகளை அவசரத்தில் விழுங்கிவிடுகிறார்கள். நெக்ஸ்ட் அழுத்தினால் முந்தைய கேள்விக்குத் திரும்பவும் முடியாது. கடைசி மாதமாவது கேள்விகளை ஆங்கிலத்திலேயே போட்டுப் பழகுங்கள்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம் என்றாலும், ஆடிக்காற்றில் கரண்ட் போகிற ஊரில் அந்த வம்பு வேண்டாம். காலையில் வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர் சென்டருக்குப் போய்விடுங்கள். பதிவு செய்யும்போது பெயரில் மட்டும் கவனம்: கேரளப் பள்ளிச் சான்றிதழில் "செந்தில்குமார் எம்" என்றிருக்கும், தமிழ்நாட்டுக் கல்லூரியில் "எம். செந்தில்குமார்" ஆகியிருக்கும். இரண்டையும் விட்டுவிட்டு, அன்று கையில் கொண்டுபோகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே முதல் பெயர், கடைசிப் பெயர் கட்டங்களை நிரப்புங்கள். பொருந்தவில்லை என்றால் உள்ளே விடாமல் போகலாம், கட்டிய பணமும் போகலாம்.