மூன்று மாதப் படையணியின் கதையை எழுதுவது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் மூன்று மாதம், ஒன்பது மாதம் என்று குறுகிய தவணைக்குச் சேர்ந்த தொண்டர் படையணிகள் இருந்தன. கிளிநொச்சியில் இருந்துகொண்டு அவற்றில் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறீர்களா? சரி, சண்டையில் தொடங்காதீர்கள். முதலில் சேர்ந்த நாளையும் கலைந்த நாளையும் எழுதி வையுங்கள், பாதிக் கதை அதற்குள்ளேயே கிடக்கும்.

பென்சில்வேனியாவின் 4ஆவது படையணியைப் பாருங்கள்: 1861 ஏப்ரலில் லிங்கன் 75,000 பேரை மூன்று மாதத்துக்குக் கேட்டபோது சேர்ந்தவர்கள், ஜூலை 21 வேர்ஜீனியாவில் புல் ரன் என்ற இடத்துச் சண்டை தொடங்குகிற நேரத்தில் தவணை முடிந்துவிட்டது என்று, தளபதி கேட்டுக்கொண்டும் நிற்காமல், பீரங்கிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கக் கேட்க வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். அவர்களுடைய கேணல் ஹார்ட்ரான்ஃப்ட் போகவில்லை, பிற்காலத்தில் அதற்காகவே பதக்கம் பெற்றார். மற்றவர்களைக் கோழைகள் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள், ஒப்பந்தம் அவ்வளவுதான்.

அப்புறம் பெயர்ப்பட்டியலில் நோயால் இறந்தவர்களைத் தனியாக எண்ணுங்கள்; அந்தப் போரில் குண்டைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொண்டுபோனது. கடிதத்தில் திகதி இல்லையா, மழை, அறுவடை என்று ஏதாவது வருகிறதா பாருங்கள். எங்கள் அம்மம்மாவும் ஒவ்வொரு இடப்பெயர்வையும் காலபோகம், சிறுபோகம் என்று நெற்செய்கைப் போகங்களை வைத்துத்தான் கணக்கு வைத்திருக்கிறார்.